வீட்டு மின்பணியாளர் பயிற்சி

தமிழ்நாட்டில் வீட்டு மின்பணியை முறையாகக் கற்க விரும்புவோர் தொழிற்பயிற்சி நிலையங்களில் சேரலாம். எலக்ட்ரீஷியன், வயர்மேன் ஆகிய இரண்டும் 2 ஆண்டுப் படிப்புகள். முன்னதற்கு 10ஆம் வகுப்புத் தேர்ச்சி வேண்டும். பின்னதற்கு 8ஆம் வகுப்பு போதும்.

விளக்கை எரியவைக்கச் சில நாட்களில் கற்றுவிடலாம். தவறான இணைப்பிலும் அது எரியும் என்பதுதான் சிக்கல். சுவிட்சை பேஸ் கம்பியில் வைக்காமல் நியூட்ரலில் வைத்தாலும் விளக்கு எரியும், அணையும். ஆனால் அணைத்த பிறகும் ஹோல்டரில் 230 வோல்ட் நிற்கும். பல்பு மாற்றுபவருக்கு அது தெரியாது. எர்த் இல்லாமலும் கிரைண்டர் ஓடும். மின்சாரம் அதன் உலோக உடலில் கசியும் நாளில்தான் குறை வெளிப்படும். ஆகவே டெஸ்ட் லேம்ப், மெக்கர் கொண்டு சோதிப்பதும் கம்பி இழுப்பதற்கு இணையான பாடமே.

படிப்புச் சான்றிதழ் வேறு, வயர்மேன் தகுதிச் சான்றிதழ் வேறு. பின்னதை மாநில மின் உரிம வாரியம் வழங்குகிறது.