சட்டை மாறலாம், எழுத்து மாறலாமா?

சென்ற ஆண்டு எங்கள் பள்ளித் தமிழ்மொழிக் கழகத்துக்கு நான்காம் படிவ மாணவர்கள் சிலர் ஓர் அகப்பக்கம் அமைத்தார்கள். அவர்களில் ஒருவன் தன் தாத்தாவைப் பேட்டி கண்டு, தோட்டப் பள்ளியில் அவர் படித்த காலத்து நினைவுகளை எழுதியிருந்தான். அதற்காகத் தேடிப் பிடித்த வளைவான, அழகான எழுத்துருவில் அந்தப் பக்கம் திருமண அழைப்பிதழ் போல் மின்னியது.

மறுநாள் நண்பர்கள் தங்கள் கைப்பேசியில் அதைத் திறந்தார்கள். தாத்தாவைக் காணவில்லை! அவர் இருந்த இடத்தில் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளும் வரிசையாக நின்றன. “சார், எங்க வீட்டுல நல்லாத்தான இருந்துச்சு!” என்றான் அவன். அவன் சொன்னது உண்மைதான். அப்படியானால் தவறு எங்கே?

எண்ணும் எழுத்தும்

கணினிக்கு எழுத்து தெரியாது. எண் மட்டுமே தெரியும். ஒவ்வோர் எழுத்துக்கும் ஓர் எண் உண்டு. அந்த எண்ணுக்கு என்ன உருவம் வரைய வேண்டும் என்று சொல்லும் கோப்புதான் எழுத்துரு. எண் உடல் என்றால் எழுத்துரு அதன் மேல் போடும் சட்டை.

முற்காலக் கணினிகளில் தமிழுக்கென்று பொதுவான எண்கள் இல்லை. ஆகவே ஆங்கில எழுத்துகளின் எண்களுக்குத் தமிழ் உருவங்களை வரைந்து சமாளித்தார்கள். எடுத்துக்காட்டாக, ‘பாமினி’ என்ற எழுத்துருவில் ‘அம்மா’ என்று தெரிய வேண்டுமானால் எம், கே, அரைப்புள்ளி, கே, எச் ஆகிய ஐந்து விசைகளைத் தட்ட வேண்டும். கணினியில் பதிவாகும் எண்கள் 109, 107, 59, 107, 104. இவை ஆங்கிலத்துக்கு உரியவை. சட்டை மட்டும்தான் தமிழ்!

நம் மாணவன் தேர்ந்தெடுத்ததும் இவ்வகை எழுத்துருதான். அவன் மடிக்கணினியில் அந்தச் சட்டை இருந்தது. நண்பர்களின் கைப்பேசியில் இல்லை. ஆகவே, உள்ளே இருந்த ஆங்கிலம் வெளியே தெரிந்துவிட்டது.

எழுத்துருவையும் சேர்த்து அனுப்பினால்?

இதற்கு இணையத்தில் ஒரு வழி உண்டு. பக்கத்தின் தோற்றத்தை அமைக்கும் சிஎஸ்எஸ் மொழியில் ‘ஃபான்ட்-ஃபேஸ்’ என்ற கட்டளையைக் கொடுத்தால், படிப்பவரின் உலாவி அந்த எழுத்துருக் கோப்பைத் தானே பதிவிறக்கிக்கொள்ளும். கோப்பு சிறியதாக இருக்க வேண்டும் என்பதற்காக ‘வொஃப் 2’ என்ற சுருக்கிய வடிவம் பயன்படுகிறது. இது முந்தைய வொஃப் வடிவத்தைவிடச் சராசரியாக 30 விழுக்காடு சிறியது.

மாணவன் அப்படியே செய்தான். எல்லாக் கைப்பேசிகளிலும் பக்கம் அழகாகத் தெரிந்தது. பிரச்சினை தீர்ந்தது என்று எல்லாரும் கைதட்டினார்கள். நான் பக்கத்தின் தேடல் கட்டத்தில் ‘தோட்டம்’ என்று தட்டினேன். பக்கம் முழுவதும் தோட்டத்தைப் பற்றித்தான். ஆனால், ஒன்றும் கிடைக்கவில்லை என்றது உலாவி!

காரணம் எளிது. சட்டையை எல்லாருக்கும் கொடுத்துவிட்டோம். உடல் இன்னும் ஆங்கிலமாகவே இருக்கிறது. தேடுபொறி பார்ப்பது உருவத்தை அன்று, எண்ணை. பார்வையற்றவர்களுக்குப் பக்கத்தை வாசித்துக் காட்டும் மென்பொருளும் ‘அம்மா’ என்ற சொல்லை ‘எம், கே’ என்றே சொல்லும். தாத்தாவின் கதை இணையத்தில் இருந்தும் இல்லாத கதையாகிவிடும்.

யூனிகோட் தந்த முகவரி

உலக மொழிகள் அனைத்துக்கும் தனித்தனி எண் கொடுக்கும் முறை யூனிகோட். 1991இல் வெளிவந்த முதல் பதிப்பிலேயே தமிழும் இடம்பெற்றது. இதில் ‘அம்மா’ என்பது 2949, 2990, 3021, 2990, 3006. இந்த எண்கள் தமிழுக்கு மட்டுமே உரியவை. எந்த எழுத்துருவை மாற்றினாலும் அம்மா அம்மாவாகவே இருப்பார்.

தமிழில் 247 எழுத்துகள் இருந்தாலும் ஒவ்வொன்றுக்கும் தனி எண் இல்லை. ‘கெ’ என்பது முதலில் ‘க’ (2965), பிறகு கொம்பு (3014) என்றே பதிவாகிறது. ஆனால், திரையில் கொம்பு முன்னால் வருகிறது! அதனை இடம் மாற்றி வைப்பதும், ‘டி’, ‘கு’ போன்றவற்றுக்குப் பொருத்தமான உருவத்தை எடுத்துத் தருவதும் உலாவியின் எழுத்தமைப்பு மென்பொருளும் எழுத்துருவில் உள்ள விதிகளும் சேர்ந்து செய்யும் வேலை. ஆகவே, தமிழ் எழுத்துரு செய்பவர் உருவம் வரைவதோடு விதியும் எழுத வேண்டும்.

இத்துறையில் நம் வட்டாரத்துக்குத் தனி இடம் உண்டு. சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி 1995இல் தமிழை இணையத்தில் ஏற்றிய முன்னோடி. ஆப்பிள் கணினிகளில் உள்ள ‘இணைமதி’ எழுத்துருவை உருவாக்கியவர் மலேசியரான முத்து நெடுமாறன்.

அகப்பக்கம் அமைக்கும் முன்

முதலில், எழுத்துரு யூனிகோட் வகையா என்று பாருங்கள். அடுத்து, அதில் தமிழ் உருவங்கள் உண்டா என்று பாருங்கள். ஆங்கிலத்துக்கு மட்டும் செய்த எழுத்துருவைக் கொடுத்தால், தமிழ்ச் சொற்களுக்கு உலாவி வேறோர் எழுத்துருவை எடுத்துக்கொள்ளும். அதுவும் கிடைக்காவிட்டால் வெறும் கட்டங்கள் தெரியும். இக்கட்டங்களுக்கு ‘டோஃபு’ என்று பட்டப்பெயர். ஆம், நாம் சந்தையில் வாங்கும் அதே வெள்ளைக் கட்டிதான்! ‘டோஃபு வேண்டாம்’ என்ற பொருளில்தான் கூகுள் தன் எழுத்துருக் குடும்பத்துக்கு ‘நோட்டோ’ என்று பெயரிட்டது. அதில் தமிழும் உண்டு.

உரிமத்தையும் படியுங்கள். நோட்டோ, மீரா இனிமை, பவனம் போன்றவற்றை இலவசமாகப் பயன்படுத்தலாம். ஒரு பக்கத்துக்கு இரண்டு எழுத்துரு போதும். கூடக் கூடப் பக்கம் திறக்கத் தாமதமாகும். பதிவிறக்கம் முடியும்வரை சாதாரண எழுத்துருவில் காட்டும்படி ‘ஸ்வாப்’ என்ற கட்டளையையும் சேர்த்துவிடுங்கள். இணைய வேகம் குறைந்த இடத்திலும் படிப்பவர் காத்திருக்க வேண்டாம்.

செய்து பாருங்கள்

ஏதேனும் ஒரு பழைய தமிழ் அகப்பக்கத்தில் ஒரு வரியை நகலெடுத்துக் கைப்பேசிக் குறுஞ்செய்தியில் ஒட்டுங்கள். தமிழாகவே இருந்தால் அது யூனிகோட். ஆங்கில எழுத்துகளாக மாறினால் அது சட்டை மட்டும்தான்.

நம் மாணவன் தாத்தாவின் பேட்டியை யூனிகோட்டில் மீண்டும் தட்டச்சு செய்தான். மூன்று மாலைகள் ஆயின. இப்போது ‘தோட்டம்’ என்று தேடினால் தாத்தா கிடைக்கிறார்.