சடக்கு ஓரத்துப் பெட்டி ஏன் முனகுகிறது?

தோட்டத்துச் சடக்கு ஓரம், கம்பத்தின் மேலே உட்கார்ந்திருக்கிறதே ஒரு பெட்டி, அதுதான் டிரான்ஸ்பார்மர். பிள்ளைகள் பள்ளியில் மின்மாற்றி என்று படிப்பார்கள். ராத்திரியில் பக்கத்தில் போனால் 'ம்ம்ம்' என்று முனகும். பேயுமில்லை, முனியுமில்லை. உள்ளே இருக்கும் இரும்பு, காந்தமாகும்போதெல்லாம் கண்ணுக்குத் தெரியாத அளவு நீண்டு சுருங்குகிறது, விநாடிக்கு 100 தடவை. அந்த நடுக்கம்தான் சத்தம்.

கரண்டு வெகுதூரம் வரவேண்டும். வரும் வழியில் கம்பி சூடாகிச் சக்தி வீணாகும். வோல்ட்டைப் பத்து மடங்கு ஏற்றினால் பத்தில் ஒரு பங்கு கரண்டு போதும். நட்டமோ நூறில் ஒரு பங்காகிவிடும். அதனால்தான் நம் நாட்டில் பெரிய கோபுரக் கம்பிகளில் 132,000, 275,000, 500,000 வோல்ட் என்று அனுப்புகிறார்கள். படிப்படியாக இறக்கி, தோட்டத்துப் பக்கம் வரும்போது 11,000. அதை வீட்டுக்கு 230 ஆக்கித் தருவது இந்தப் பெட்டி.

உள்ளே சுழலும் சக்கரம் கிடையாது. ஓர் இரும்புச் சட்டம், அதில் இரண்டு கம்பிச் சுருள். ஒன்றையொன்று தொடுவதே இல்லை! முதல் சுருளில் விநாடிக்கு 50 தடவை முன்னும் பின்னும் போய்வரும் கரண்டு இரும்பைக் காந்தமாக்கும். மாறிக்கொண்டே இருக்கும் அந்தக் காந்தம் அடுத்த சுருளில் கரண்டை எழுப்பும். 1831-ல் மைக்கேல் பாரடே கண்டுபிடித்த சங்கதி இது. இரண்டாவது சுருளில் சுற்று எவ்வளவு குறைவோ அவ்வளவுக்கு வோல்ட்டும் குறையும். 'பேட்டரியை மாட்டினா?' என்று பையன்கள் கேட்பார்கள். நடக்காது. பேட்டரி கரண்டு ஒரே பக்கமாய் ஓடும், காந்தம் மாறாது.

இனி முக்கியமான விஷயம். வீட்டு மெயின் சுவிட்சு பெட்டிக்கு இந்தப் பக்கம். அந்தப் பக்கத்து 11,000 வோல்ட்டுக்கும் அதற்கும் சம்பந்தமே இல்லை. செம்பனைக் குலை வெட்டும் அண்ணன்மார்களே, உங்கள் கையில் இருப்பது 20, 30 அடி அலுமினியக் குழாய். கரண்டுக்கு அது நல்ல பாதை. கம்பியைத் தொடக்கூட வேண்டாம், நெருங்கினாலே தாவிவிடும். மூங்கிலும் நனைந்திருந்தால் அப்படித்தான். கம்பிக்கடியில் குழாயை நிமிர்த்தித் தூக்கிக்கொண்டு நடக்காதீர்கள். கம்பியோரத்து மரத்தை வெட்டச் சொன்னால், "லைன் இருக்கு ஐயா, முதல்ல கரண்ட நிப்பாட்டச் சொல்லுங்க" என்று மண்டோரிடம் தயங்காமல் சொல்லுங்கள்.

யாருக்காவது அடித்துவிட்டால் ஓடிப்போய்த் தொடாதீர்கள், கட்டையாலும் தள்ளாதீர்கள். தள்ளி நின்று 999-க்கும், தெனாகா நேஷனலின் 15454-க்கும் போன் செய்யுங்கள். கரண்டு நின்றுவிட்டது என்று அவர்கள் சொன்ன பிறகே கிட்டே போகலாம்.