தபால் கார்டால் வந்த வினை!
வெளிநாட்டுக் கிராமத்துக்கு இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கப் போனவர்கள் கதை

ஒரு தபால் கார்டு என்ன செய்யும்? கல்யாணச் சேதி சொல்லும். சாவுச் சேதி சொல்லும். ஒரு கல்லூரியையே கொதிக்க வைக்குமா?

வைத்தது!

நடந்த இடம் ஆப்பிரிக்காவில் நைஜீரியா நாடு, இபாடான் நகரம். 1961-ம் ஆண்டு அக்டோபர் மாதம்.

மார்ஜரி மிச்செல்மோர் என்று ஒரு அமெரிக்கப் பெண். வயது 23. நைஜீரியப் பிள்ளைகளுக்குப் பாடம் சொல்லிக்கொடுக்கத் தானாக முன்வந்து கடல் கடந்து வந்தவர். வேலையில் சேரும் முன் இபாடான் பல்கலைக்கழகக் கல்லூரியில் பயிற்சி பெற்றுக்கொண்டு இருந்தார்.

ஊரில் இருக்கும் நண்பருக்கு ஒரு கார்டு எழுதினார். இந்த ஊர் ஜனங்கள் சமைப்பது தெருவில், விற்பது தெருவில், வெளிக்குப் போவதும் தெருவில் என்கிற தோரணையில் அதில் எழுதிவிட்டார்.

கார்டு அமெரிக்கா போய்ச் சேரவில்லை. வழியிலேயே ஒரு மாணவர் கையில் சிக்கியது.

அவ்வளவுதான்! மாணவர்கள் அதைப் பிரதி எடுத்து எல்லோருக்கும் விநியோகித்தார்கள். கண்டனக் கூட்டம் நடந்தது. "வந்தவர்கள் வாத்தியார்கள் அல்ல, உளவாளிகள்" என்று தீர்மானம் போடும் அளவுக்கு விவகாரம் முற்றியது. நைஜீரியா சுதந்திரம் வாங்கி அப்போது ஒரு வருஷம்தான் ஆகி இருந்தது. ரோஷம் வராமல் இருக்குமா?

அந்தப் பெண் மன்னிப்புக் கேட்டார். நாட்டை விட்டுப் புறப்பட்டார். ஜனாதிபதி கென்னடியே அவருக்கு ஆறுதல் கடிதம் எழுத வேண்டியதாயிற்று.

அவர் கெட்டவர் அல்ல. நல்லது செய்யத்தான் வந்தார். ஆனால் நல்ல மனசு மட்டும் போதாது என்பதற்கு அந்தக் கார்டுதான் சாட்சி.

துப்பாக்கி இல்லாத படை

அந்தப் பெண்ணை அனுப்பிய அமைப்பின் பெயர் 'பீஸ் கோர்'. அமைதிப் படை என்று அர்த்தம். துப்பாக்கி கிடையாது, சாக்பீஸ்தான் ஆயுதம்! 1961 மார்ச் 1-ந் தேதி கென்னடி உத்தரவு போட்டு இதைத் தொடங்கினார்.

அதே ஆண்டு ஆகஸ்டு 30-ந் தேதி முதல் கோஷ்டி கானா நாட்டுத் தலைநகர் அக்ராவில் விமானத்தில் வந்து இறங்கியது. மொத்தம் 51 பேர். எல்லோரும் வாத்தியார் வேலைக்கு வந்தவர்கள்.

இறங்கியதும் அவர்கள் செய்த முதல் காரியம் என்ன தெரியுமா? வரிசையாக நின்று, அந்த ஊர் 'துவி' மொழியில் கானா நாட்டுப் பாடல் ஒன்றைப் பாடினார்கள். வரவேற்க வந்தவர்கள் அசந்து போனார்கள்.

இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்க வந்தவன், முதலில் உன் பாஷையைக் கற்றுக்கொண்டு வந்து நிற்கிறான். கானாவில் பாட்டு, சில வாரம் கழித்து இபாடானில் கார்டு. வித்தியாசம் புரிகிறதா?

இந்த அமைப்பு, கூப்பிடும் நாட்டுக்கு மட்டுமே ஆள் அனுப்பும். முதல் 3 மாதம் பாஷையும் பழக்க வழக்கமும் படிக்க வேண்டும். பிறகு 2 வருஷம் ஊரிலேயே தங்க வேண்டும். கையில் கொடுப்பது உள்ளூர்க்காரர் போலச் சாப்பிட்டு வாழும் அளவுக்கான படிக்காசுதான். இதுவரை 2 லட்சத்து 40 ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் போய் வந்திருக்கிறார்கள். நம் இந்தியாவுக்கும் 1961 முதல் 1976 வரை வந்தார்கள்.

இரும்புக் கதவு

கிராமத்துப் பையனுக்கு இங்கிலீஷ் எதுக்கு என்று கேட்கலாம்.

நேபாளத்தைப் பாருங்கள். பத்தாம் வகுப்பு முடிவில் அங்கே எஸ்.எல்.சி. பரீட்சை இருந்தது. அதற்கு ஜனங்கள் வைத்த பெயர் 'இரும்புக் கதவு'. இங்கிலீஷ் பேப்பர் கட்டாயம். இங்கிலீஷ் பேப்பர் என்றால் வயிற்றைக் கலக்கும் அனுபவம் நம் வாசகர்களில் பலருக்கும் உண்டே!

டவுன் பையனுக்கு டியூஷன் உண்டு. மலைக் கிராமத்துப் பையனுக்கு என்ன உண்டு? அந்தக் கதவைத் திறக்க ஒரு வாத்தியார் வந்தால், அவர் எந்த நாட்டுக்காரராக இருந்தாலும் பெற்றவர்கள் கும்பிடத்தான் செய்வார்கள்.

இங்கேதான் வியாபாரமும் நுழைந்தது.

2 வாரம் வாத்தியார்!

2 வருஷம் தங்க எல்லோராலும் முடியுமா? 2 வாரம் போதும் என்று சில டூர் கம்பெனிகள் கடை விரித்தன. பணம் கட்டினால் போதும். பயிற்சி வேண்டாம், பாஷை தெரிய வேண்டாம். காலையில் வகுப்பு, சாயந்திரம் ஊர் சுற்றல், நடுவில் பிள்ளைகளோடு போட்டோ.

விளைவு? ஒரு கோஷ்டி 'ஏ, பி, சி' சொல்லிக்கொடுத்துவிட்டு டாட்டா காட்டும். அடுத்த கோஷ்டி வந்து மறுபடியும் 'ஏ, பி, சி' தொடங்கும். பிள்ளைகள் ஒட்டிக்கொள்ளும் நேரத்தில் வாத்தியார் விமானம் ஏறிவிடுவார். உள்ளூர் வாத்தியாரோ தன் வகுப்பிலேயே ஓரமாக நிற்பார்.

இதாவது பரவாயில்லை. இதைவிடப் பெரிய கொடுமை நேபாளத்தில் வெளிச்சத்துக்கு வந்தது.

அனாதை இல்லத்துக்கு வந்த அம்மா!

2004-ம் ஆண்டு. கானர் கிரென்னன் என்ற அமெரிக்க இளைஞர், காட்மாண்டு அருகே கோதாவரி கிராமத்தில் ஒரு அனாதைப் பிள்ளைகள் இல்லத்துக்குத் தொண்டராகப் போனார். நாலு பேர் மெச்சுவார்கள் என்ற நினைப்பும் தனக்கு இருந்ததாக அவரே பிற்பாடு புத்தகத்தில் ஒப்புக்கொண்டார்.

ஒரு நாள், அங்கிருந்த 2 பையன்களைத் தேடிக்கொண்டு ஒரு பெண் வந்தார். யார்?

அவர்களைப் பெற்ற தாய்!

விசாரித்தபோது திடுக்கிடும் தகவல்கள் வெளியாயின. நேபாளத்தில் 1996 முதல் 2006 வரை மாவோயிஸ்டு போர் நடந்தது. ஹும்லா என்ற எட்டாத மலைப் பிரதேசத்தில் புரோக்கர்கள் புகுந்தார்கள். "பிள்ளையைப் போரிலிருந்து காப்பாற்றுகிறோம், காட்மாண்டுவில் படிக்க வைக்கிறோம்" என்று பெற்றோரிடம் ஆசை காட்டிப் பணம் கறந்தார்கள். பிள்ளைகளோ கடைசியில் 'அனாதை' ஆனார்கள்!

கிரென்னன் சும்மா இருக்கவில்லை. 2006-ல் மலை ஏறினார். ஹும்லாவில் கிராமம் கிராமமாக நடந்து பெற்றோர்களைத் தேடிக் கண்டுபிடித்தார். பிள்ளைகளைக் குடும்பத்தோடு சேர்க்க ஒரு அமைப்பையும் தொடங்கினார்.

நேபாளத்தில் மட்டுமல்ல. உலகெங்கும் இல்லங்களில் இருக்கும் பிள்ளைகளில் 5 பேரில் 4 பேருக்காவது தாயோ தகப்பனோ உயிரோடு இருக்கிறார்கள் என்று 'சேவ் த சில்ட்ரன்' அமைப்பு 2009-ல் சொன்னது. இங்கிலீஷ் சொல்லிக்கொடுக்கத் தொண்டர் வருவார், பணம் தருவார் என்றால், பிள்ளை பிடிக்கிறவனும் வரத்தானே செய்வான்?

துட்டு யாருக்குப் போகிறது?

வேலை வாங்கித் தருவதாக ஏமாற்றிய வழக்குகளை எழுதி எழுதிப் பழகிய நிருபர் நான். எந்த மோசடி வழக்கிலும் போலீசார் கேட்கும் முதல் கேள்வி, "துட்டு யார் கைக்குப் போச்சு?" என்பதுதான். தொண்டுக்குப் போகிறவரும் அதைத்தான் முதலில் கேட்க வேண்டும்.

இன்னும் சில கேள்விகள். கூப்பிட்டது ஊர்ப் பள்ளிக்கூடமா, கம்பெனியா? எத்தனை மாதம்? உள்ளூர் வாத்தியார் பக்கத்தில் நிற்பாரா, வெளியே போவாரா? முன்பின் தெரியாத என்னை, ஒரு போலீஸ் சர்ட்டிபிகேட்டுகூடக் கேட்காமல் பிள்ளைகளோடு விடுகிறார்களா? அப்படி விட்டால் அது பள்ளிக்கூடமே அல்ல!

உள்ளூர் வாத்தியார் ஏன் முக்கியம்? 2020 மார்ச் மாதம் அதற்கு விடை கிடைத்தது. கொரோனா வந்ததும் 'பீஸ் கோர்' தன் தொண்டர்கள் ஏறக்குறைய 7 ஆயிரம் பேரையும் 60-க்கும் மேற்பட்ட நாடுகளிலிருந்து திருப்பி அழைத்துக்கொண்டது. பலருக்கு வகுப்புப் பிள்ளைகளிடம் விடைபெறக்கூட நேரம் இல்லை. 2022-ல்தான் மறுபடி போகத் தொடங்கினார்கள்.

நடுவில் ஊரில் இருந்தது யார்? உள்ளூர் வாத்தியார்தான். தொண்டர் அவருக்குக் கைகொடுத்திருந்தால் அது நின்றது. அவரை ஓரம் கட்டியிருந்தால் விமானத்தோடு போச்சு.

கடைசியாக, அந்தக் கார்டு விஷயம். இன்றைக்குக் கார்டுக்குப் பதில் செல்போன். குடிசை வாசலில் மூக்கு ஒழுகும் பிள்ளையோடு படம் எடுத்து, "பாவம்" என்று எழுதி ஊருக்கெல்லாம் அனுப்புகிறார்கள்.

இபாடான் மாணவர்களுக்குக் கோபம் வந்தது ஏன்? அவர்களுக்கு இங்கிலீஷ் நன்றாகத் தெரியும். கார்டைப் படித்தார்கள்!

நீங்கள் சொல்லிக்கொடுக்கும் பாடம் பலித்தால், உங்கள் மாணவனும் ஒரு நாள் நீங்கள் எழுதியதைப் படிப்பான். படித்தால் அவன் தலை நிமிருமா, குனியுமா? அதை நினைத்துக்கொண்டு எழுதுங்கள், வாத்தியாரே!