உங்களுக்குத் தெரியுமா? தமனிக்குள் தேங்கும் பிணங்கள்

மாரடைப்பு என்றதும் கொழுப்பைத்தான் திட்டுகிறோம். அது பாதிக் கதை. தமனிச் சுவரில் படியும் கொழுப்பை விழுங்க மேக்ரோஃபேஜ் என்னும் துப்புரவு செல்கள் வருகின்றன. அளவுமீறித் தின்று, நுரைபோல் உப்பி, அங்கேயே செத்தும் போகின்றன. தொடக்கத்தில் பாதகமில்லை. பக்கத்துச் செல்கள் பிணங்களை விழுங்கி இடத்தைச் சுத்தமாக்கிவிடும். இந்தப் பணிக்கு ‘எஃபெரோசைட்டோசிஸ்’ என்று பெயர். ‘கல்லறைக்குச் சுமந்து செல்’ என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது. விஞ்ஞானிகளுக்கும் கவித்துவம் உண்டு!

நோய் முற்றினால் தூக்க ஆளிருக்காது. கிடக்கும் செல்கள் சிதைந்து கூழாகத் திரள்கின்றன. ‘அதிரோஸ்கிளீரோசிஸ்’ என்று 1904-இல் ஜெர்மானிய நோயியலாளர் ஃபெலிக்ஸ் மார்ஷான் சூட்டிய பெயரிலேயே அந்தக் கூழ் இருக்கிறது: கிரேக்கத்தில் ‘அதீரா’ என்றால் கஞ்சி, கூழ்.

கூழை மூடியிருக்கும் நார்ப்படலத்தை நெய்து தருபவை தசைச் செல்கள். அவையும் மடிந்தால் படலம் மெலியும். 65 மைக்ரானுக்குக் கீழே, அதாவது ஏறக்குறைய ஒரு தலைமுடித் தடிமனுக்கு வந்துவிட்டால், எப்போது வேண்டுமானாலும் கிழியலாம். கிழிந்த இடத்தில் ரத்தம் கூழைத் தொட்டதும் உறைகிறது; அந்தக் கட்டி தமனியை அடைத்தால் மாரடைப்பு.

இந்தப் படிவுகளில் ‘என்னைத் தின்னாதே’ என்று சைகை காட்டும் சிடி47 புரதம் மிகுந்திருக்கிறது. அதை மறித்தபோது எலிகளில் துப்புரவு மீண்டும் தொடங்கியதாக 2016-இல் ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் காட்டினார்கள்.