லைசென்ஸ் வந்த பிறகு முதல் ஆறு மாதம்

2024 நவம்பர் 27 அன்று, பழைய மாமல்லபுரம் சாலையில் பண்டிதமேடு அருகே, மாடு மேய்க்க வந்து சாலையோரம் உட்கார்ந்திருந்த ஐந்து பெண்கள் மீது ஒரு கார் ஏறியது. ஐவரும் இறந்துபோனார்கள். காரில் வந்தவர்கள் இளைஞர்கள்.

செங்கல்பட்டு மாவட்டத்தில் புதிதாக வண்டி ஓட்டுபவர்களுக்கு வாய்த்த சாலைகள் அப்படி. மேற்கே ஜி.எஸ்.டி. சாலை, கிழக்கே ஈ.சி.ஆர். எனும் கிழக்குக் கடற்கரைச் சாலை, இடையில் ஓ.எம்.ஆர். எனும் அந்தப் பழைய மாமல்லபுரம் சாலை. மூன்றுமே ஆக்ஸிலரேட்டரை அழுத்தத் தூண்டுபவை. ஆனால் ஆர்.டி.ஓ. மைதானத்தில் நாம் காட்டுவது வேறு. பைக் என்றால் கால் ஊன்றாமல் எட்டு போட வேண்டும்; கார் என்றால் கொஞ்ச தூரம் ஓட்டி, ரிவர்ஸ் எடுத்துக் காட்ட வேண்டும். எதிரே வரும் லாரிக்கும் நமக்கும் எவ்வளவு இடைவெளி, இப்போது ஓவர்டேக் செய்யலாமா என்ற கணக்கை அங்கே யாரும் கேட்பதில்லை.

எல்.எல்.ஆர். எனும் பழகுநர் உரிமம் ஆறு மாதம் செல்லும். முப்பது நாள் கழிந்தால் லைசென்ஸுக்குப் போகலாம். அதுவரை எல் போர்டு வேண்டும், கார் என்றால் லைசென்ஸ் உள்ளவர் பக்கத்தில் இருக்க வேண்டும். லைசென்ஸ் வந்த அன்றே இதெல்லாம் போய்விடுகிறது. அன்று இரவே நான்கு நண்பர்களை ஏற்றிக்கொண்டு புதுச்சேரிக்குக் கிளம்பினாலும் சட்டம் தடுக்காது. ஆஸ்திரேலியாவின் நியூ சவுத் வேல்ஸில் இது நடக்காது. அங்கே புது லைசென்ஸ்காரர் 90 கி.மீ. வேகத்தைத் தாண்டக் கூடாது, ஒரு சொட்டு மது கூடாது. 25 வயதுக்கு உட்பட்டவராக இருந்தால், இரவு 11 மணிக்கு மேல் விடிகாலை 5 மணி வரை 21 வயதுக்குக் குறைந்தவர் ஒருவரைத்தான் ஏற்றலாம். நண்பர்கள் கூட்டமும் இரவும் சேர்ந்தால் என்ன ஆகும் என்று தெரிந்து எழுதிய விதி.

நம் சட்டத்தில் இந்த இடைப்படி இல்லை. அதை நாமே வீட்டில்தான் வைத்துக்கொள்ள வேண்டும். செங்கல்பட்டிலிருந்து திருக்கழுக்குன்றம் வழியாக மாமல்லபுரம் போகும் சாலையில் பகலில் தொடங்கலாம். ஊர், வளைவு, பேருந்து நிறுத்தம், குறுக்கே ஓடும் ஆடு என்று எல்லாம் அங்கே வரும். வேகம் தானாகவே குறையும். கை பழகிய பிறகு பெரியவர் ஒருவரோடு ஜி.எஸ்.டி. சாலை. சனி, ஞாயிறு இரவு ஈ.சி.ஆர். கடைசிப் பாடமாக இருக்கட்டும். எதிர் வண்டியின் ஹை பீமில் கண் கூசும் அந்த இரண்டு நொடியில்தான் சாலையில் படுத்திருக்கும் மாடும், கோவளத்தில் குறுக்கே கடப்பவரும் மறைந்துபோவார்கள். கண் கூசினால் இடது ஓரக் கோட்டைப் பார்த்து வேகத்தைக் குறையுங்கள். பதிலுக்கு நீங்களும் ஹை பீம் போட்டால் இரண்டு பேருக்கும் கண் தெரியாது.

80 கி.மீ. வேகத்தில் ஒரு நொடிக்கு 22 மீட்டர் போகிறோம். மாட்டைப் பார்த்துக் கால் பிரேக்குக்குப் போவதற்குள்ளேயே அந்த 22 மீட்டர் கழிந்துவிடும். வேகம் இரண்டு மடங்கானால் பிரேக் பிடித்து நிற்கும் தூரம் நான்கு மடங்கு. மழை பெய்திருந்தால் அதற்கும் மேல். போனை இரண்டு நொடி பார்த்தால் 44 மீட்டர் கண்ணை மூடி ஓட்டியதற்குச் சமம். ரீல்ஸ் எடுப்பவர்கள் இதை ஒருமுறை கணக்குப் போட்டுப் பார்க்கலாம்.

2022-இல் இந்தியாவில் சாலை விபத்தில் இறந்தவர்கள் 1,68,491 பேர். மூன்றில் இரண்டு பங்கு 18 முதல் 45 வயதுக்காரர்கள். அதே ஆண்டு விபத்து எண்ணிக்கையில் முதலிடம் தமிழ்நாட்டுக்கு: 64,105.

இனி பெற்றோருக்கு. 16 வயதில் கிடைக்கும் லைசென்ஸ் 50 சி.சி.க்கு உட்பட்ட, கியர் இல்லாத வண்டிக்கு மட்டும். ஷோரூமில் இருக்கும் பெட்ரோல் ஸ்கூட்டர்கள் பெரும்பாலும் 100 சி.சி.க்கு மேல். “டியூஷனுக்குத்தானே” என்று சாவியைக் கொடுத்து, பிள்ளை வழக்கில் மாட்டினால், 2019 திருத்தச் சட்டப்படி பெற்றோருக்கு 25,000 ரூபாய் அபராதம், மூன்று ஆண்டு வரை சிறை. வண்டியின் பதிவு ஓராண்டுக்கு ரத்தாகும். பிள்ளைக்கு 25 வயது வரை லைசென்ஸ் கிடையாது.

விபத்தைப் பார்த்தால் முதலில் 108. அடிபட்டவருக்கு முதல் 48 மணி நேரச் சிகிச்சையை இலவசமாகத் தரும் ‘இன்னுயிர் காப்போம்’ திட்டம் 2021 டிசம்பர் 18 அன்று இதே மாவட்டத்தின் மேல்மருவத்தூரில்தான் தொடங்கியது. நல்ல எண்ணத்தோடு உதவியவர் மீது அதற்காக வழக்குப் போட முடியாது என்று சட்டமே சொல்கிறது. தயங்காமல் வண்டியை ஓரம் கட்டி உதவுங்கள்.