முதலில் மண்வெட்டி, பிறகுதான் இயந்திரம்

புதுச்சேரிக்குச் சுற்றுலா போகும் நம்மவர் பலர் ஆரோவில்லில் இறங்கி, மாத்ரிமந்திர் என்னும் பொன்னிறக் கோளத்தைத் தூரத்தில் நின்று பார்த்து, படம் எடுத்துக்கொண்டு பஸ் ஏறிவிடுகிறார்கள். நடந்த வழியெல்லாம் நிழல் தந்த மரங்களை அதிகம் பேர் கவனிப்பதில்லை.

1968 பிப்ரவரி 28ஆம் தேதி அந்தச் சமூகம் தொடங்கப்பட்டபோது, அது பெரும்பாலும் செம்மண் பொட்டல். மழைக்காலம் வந்தால் வெள்ளம் மேல்மண்ணை அறுத்துக்கொண்டு போய் வங்கக் கடலில் கொட்டும். தண்ணீர் நிலத்துக்குள் இறங்குவதற்குள் ஓடிவிடும். மழை பெய்தும் வறட்சி!

பல நாடுகளிலிருந்து அங்கே வந்து குடியேறியவர்கள் கையில் எடுத்த முதல் தொழில்நுட்பம் எது தெரியுமா? மண்வெட்டி. சரிவுக்குக் குறுக்கே ஒரே மட்டமாகப் பள்ளம் வெட்டி, அந்த மண்ணையே கீழ்ப்பக்கம் வரப்பாகப் போடுவது. ஓடிவரும் மழைநீர் வரப்பில் முட்டி நின்று, மெல்ல மண்ணுக்குள் இறங்கும். கேட்க எளிது. ஆனால் மட்டம் சற்றுத் தவறினாலும் தண்ணீர் தாழ்ந்த இடத்தில் சேர்ந்து வரப்பை உடைத்துவிடும். ரப்பர் தோட்டங்களில் மலைச்சரிவைப் படிபடியாக வெட்டிய நம் தாத்தா பாட்டிகளுக்கு இந்த வேலையின் அருமை தெரியும்.

அதற்குப் பிறகுதான் மரம். நம் ஊர்ச் சாலையோரங்களில் பார்க்கிறோமே, அதே ஆஸ்திரேலிய அகேசியாவை முதலில் நட்டார்கள். கெட்டுப்போன மண்ணிலும் அது பிடிவாதமாக வளரும். காற்றிலுள்ள நைட்ரஜனை மண்ணில் சேர்க்கும். அதன் நிழலில் அந்த மண்ணுக்கே உரிய மரங்களை வளர்த்தார்கள். அவற்றின் விதைக்கு எங்கே போவது? சுற்று வட்டாரத்து அய்யனார் கோயில் காடுகளுக்குத்தான். மரத்தை வெட்டினால் சாமி கண்ணைக் குத்தும் என்று ஊர் மக்கள் பயந்ததால் பிழைத்த காடுகள் அவை. மூடநம்பிக்கை என்று நாம் சிரிக்கலாம். அந்தப் பயம் இல்லாமல் போயிருந்தால் விதையும் இருந்திருக்காது.

இன்று அங்கே நட்ட மரங்கள் 20 லட்சத்துக்கும் மேல் என்று கணக்குச் சொல்கிறார்கள்.

மற்றத் தொழில்நுட்பங்களும் இந்த நிலத்தின் தேவையை ஒட்டியே வந்தன. செங்கல் சுட விறகு வேண்டும். அதனால் செம்மண்ணில் சுமார் 5 விழுக்காடு சிமெண்ட் கலந்து, இயந்திரத்தில் அழுத்தி, சூளையில் சுடாமல் ஈரம் காயாது வைத்துப் பதப்படுத்தும் மண்கட்டிகளைச் செய்தார்கள். சமையலுக்கும் அப்படித்தான். பொதுச் சமையற்கூடத்தின் கூரையில் 15 மீட்டர் அகலக் கண்ணாடிக் கிண்ணம் ஒன்று இருக்கிறது. கிண்ணம் அசையாது. வெயிலை வாங்கும் குழாய்தான் சூரியனோடு நகர்ந்து நீராவியை உண்டாக்கும். மேகம் மூடிய நாளில் என்ன செய்வது? எண்ணெய்க் கொதிகலன் துணைக்கு வரும்.

இதில் பெருமை முழுவதும் வெளிநாட்டாருக்குப் போய்விடுகிறது என்பது என் வருத்தம். குயிலாப்பாளையம், எடையஞ்சாவடி, ஆலங்குப்பம் போன்ற சுற்றுக் கிராமங்களின் மக்கள் அங்கே தொடக்கம் முதல் உழைத்தவர்கள். எந்தச் செடி எங்கே நிற்கும் என்று தெரிந்தவர்களும் அவர்களே.

அங்கே குடியிருப்பவர்களுக்கு நிலம் சொந்தமில்லை. 1988இல் இந்திய நாடாளுமன்றம் இயற்றிய சட்டத்தின்படி, ஆரோவில் அறக்கட்டளை என்ற அமைப்பின் பொறுப்பில் இருக்கிறது. சிக்கலும் அங்கேதான் பிறந்தது. 50,000 பேர் வாழும் நகரம் என்பது ஆரம்பத் திட்டம். அதற்கான வட்டச் சாலைக்காக 2021 டிசம்பரில் மரங்கள் சாய்க்கப்பட்டன. குடியிருப்பாளர் பலர் இயந்திரங்களுக்கு முன்னால் போய் நின்றார்கள். வேறு சிலரோ, நகரம் கட்டத்தானே வந்தோம் என்றார்கள். 2022இல் பசுமைத் தீர்ப்பாயம் கட்டுப்பாடுகள் விதித்தது. 2025 மார்ச்சில் உச்ச நீதிமன்றம் அந்த உத்தரவை ரத்து செய்தது.

சட்டம் முடிந்தது, தண்ணீர்ப் பிரச்சினை முடியவில்லை. கடலுக்கு அருகில் ஆழ்குழாய்க் கிணறுகள் நன்னீரை அளவுக்கு மீறி உறிஞ்சினால், அந்த இடத்துக்கு உப்புநீர் வரும். மழைநீர் இறங்க வேண்டிய நிலத்தில் தார் போட்டால் என்ன ஆகும் என்று அங்கே வரப்பு வெட்டியவர்கள் இப்போதும் கேட்டுக்கொண்டிருக்கிறார்கள்.