சில நேரங்களில் சில மனிதர்கள் (புதினம்)

சில நேரங்களில் சில மனிதர்கள் என்பது எழுத்தாளர் ஜெயகாந்தன் (1934 - 2015) எழுதிய தமிழ்ப் புதினம் ஆகும். தினமணி கதிர் இதழில் காலங்கள் மாறும் என்னும் தலைப்பில் தொடராக வெளிவந்த இக்கதை, 1970 ஆம் ஆண்டில் இப்போதைய தலைப்புடன் நூலாக வெளியிடப்பட்டது. 1972 ஆம் ஆண்டுக்கான சாகித்திய அகாதமி விருது இந்நூலுக்குக் கிடைத்தது. ஒரு பெண்ணுக்கும் அவளைக் கெடுத்தவனுக்கும் பின்னாளில் ஏற்படும் உறவைப் பற்றிய கதையாகவே இது பெரும்பாலும் அறியப்படுகின்றது. எனினும், ஒரே வீட்டில் வாழ்ந்தும் மனத்தால் பிரிந்துபோன ஒரு தாயையும் மகளையும் பற்றிய கதையாகவும் இதனை வாசிக்க இயலும்.

தோற்றம்

இப்புதினத்தின் வேர் அக்கினிப் பிரவேசம் என்னும் சிறுகதையில் உள்ளது. ஜெயகாந்தன் எழுதிய அச்சிறுகதை 1966 ஆம் ஆண்டில் ஆனந்த விகடன் இதழில் வெளிவந்தது. மழை பெய்யும் மாலைப் பொழுதில் பேருந்துக்குக் காத்து நிற்கும் கல்லூரி மாணவி ஒருத்தியை முன்பின் அறியாத இளைஞன் ஒருவன் தன் மகிழுந்தில் ஏற்றிச் செல்கிறான். அவனால் கெடுக்கப்பட்டு வீடு திரும்பும் அவள் தன் தாயிடம் நடந்ததைச் சொல்கிறாள். தாய் முதலில் பதறி அலறினாலும், பிறர் கேட்கும்போது சுதாரித்துக்கொண்டு உண்மையை மறைத்துவிடுகிறாள். பின்னர் மகளின் தலையில் நீரை ஊற்றி, அவள் தூய்மையானவளே என்று தேற்றுகிறாள்.

இம்முடிவு அக்கால வாசகர்களிடையே பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அதே தாய் அதே நேரத்தில் வேறு விதமாக நடந்திருந்தால் அப்பெண்ணின் வாழ்க்கை என்னவாகியிருக்கும் என்ற கேள்விக்கு விடையாக இப்புதினம் எழுதப்பட்டது.

கதைச் சுருக்கம்

கங்கா சென்னையில் நல்ல பதவியில் இருக்கும் திருமணமாகாத பெண். கல்லூரிக் காலத்தில் மழை நாளொன்றில் அவளுக்கு நேர்ந்ததை அவள் தாய் கனகம் அறிந்தவுடன் ஓலமிட்டு ஊரறியச் செய்துவிடுகிறாள். அண்ணன் கணேசன் அவளை அடித்து வீட்டை விட்டுத் துரத்துகிறான். வழக்கறிஞரான தாய்மாமன் வெங்கு அவளுக்கு அடைக்கலம் கொடுத்துப் படிக்க வைக்கிறார். ஆயினும் அந்த ஆதரவுக்குள் அவருடைய இச்சையும் மறைந்திருக்கிறது.

பல ஆண்டுகள் கழித்து, தாயும் மகளும் ஒரே வீட்டில் வாழும் நாளில், ஆர்.கே.வி. என்னும் எழுத்தாளர் எழுதிய சிறுகதை ஒன்றை இருவரும் இதழில் படிக்கின்றனர். அது கங்காவின் கதை. முடிவு மட்டும் வேறு. அக்கதையில் வரும் தாய்க்கு இருந்த அறிவு தனக்கு இல்லாமற் போயிற்றே என்று கனகம் வருந்துகிறாள். அவ்வருத்தம் மகளை ஆற்றவில்லை.

உன்னைக் கெடுத்தவனைக் கண்டுபிடித்து அவனோடு வாழ முடியுமா என்ற வகையில் மாமன் விடுத்த சவாலை ஏற்று, கங்கா அந்த மனிதனைத் தேடிக் கண்டுபிடிக்கிறாள். பிரபு என்னும் அவன் இப்போது மனைவியும் வளர்ந்த மகளும் உடையவன். இருவருக்கும் இடையே உடலுறவு சாராத ஒரு நட்பு உருவாகின்றது. அதைப் பொறுக்காத கனகம் மகன் வீட்டுக்குச் சென்றுவிடுகிறாள். பிரபுவும் இறுதியில் விலகிவிட, கங்கா தனிமையிலும் குடியிலும் வீழ்கிறாள்.

முக்கிய கதை மாந்தர்கள்

கங்கா - கதையின் நாயகி. கதையின் பெரும்பகுதி இவளது கூற்றாக அமைந்துள்ளது.
கனகம் - கங்காவின் தாய், கைம்பெண்.
கணேசன் - கங்காவின் அண்ணன்.
வெங்கு மாமா - கனகத்தின் உடன்பிறந்தவர், வழக்கறிஞர்.
பிரபு - மழை நாளில் கங்காவை மகிழுந்தில் ஏற்றிச் சென்றவன்.
பத்மா, மஞ்சு - பிரபுவின் மனைவியும் மகளும்.
ஆர்.கே.வி. - எழுத்தாளர்.

தாய் மகள் உறவு

சிறுகதைத் தாய்க்கும் புதினத் தாய்க்கும் உள்ள வேறுபாடு அன்பின் அளவில் இல்லை. இருவருமே மகள் மீது அன்பு கொண்டவர்கள்; இருவருமே முதலில் அலறுகின்றனர். ஒருத்தி தன் குரலை அடக்கிக்கொள்கிறாள், மற்றவளால் அடக்க இயலவில்லை. செய்தி வீட்டின் சுவரைத் தாண்டியதும் அது தாய் மகள் இருவருக்கும் உரியதாக இல்லாமல் அண்ணன், மாமன், அக்கம்பக்கத்தார் ஆகியோரின் தீர்ப்புக்கு உரியதாகிவிடுகின்றது.

கனகத்தைக் கொடியவள் என்று வாசகர் எளிதில் ஒதுக்கிவிட முடியாது. கணவனை இழந்து மகனை அண்டி வாழும் அவளுக்குத் தனித்து முடிவெடுக்கும் உரிமை இருந்ததில்லை. மகளைக் காப்பாற்ற வேண்டிய நேரத்தில் அவள் கையில் இருந்தது அழுகை ஒன்றே. ஆனால் அந்த அழுகையின் விலையை மகள் வாழ்நாள் முழுவதும் கொடுக்க நேர்கிறது. இவ்விரு உண்மைகளையும் ஒருங்கே வைத்திருப்பதே புதினத்தின் வலிமை எனலாம்.

கங்கா தாய்க்குச் சோறு போடுகிறாள், உடன் வைத்துக் காப்பாற்றுகிறாள். கடமையில் குறை வைக்காத அவளால் மன்னிக்க மட்டும் முடியவில்லை. தாயும் தன் பிழையை உணர்கிறாள். ஆயினும் பிரபு வீட்டுக்கு வரத் தொடங்கியதும் ஊராரின் பேச்சுக்கு அஞ்சி மீண்டும் மகளைக் கைவிடுகிறாள். முதல் முறை அறியாமையால் நிகழ்ந்தது என்று கொண்டால், இரண்டாம் முறை நிகழ்வதற்கு அறியாமையைக் காரணமாகக் கூற இயலாது. வருந்துவதும் மாறுவதும் ஒன்றல்ல என்பதை இப்பகுதி காட்டுகின்றது.

தொடர்புடைய படைப்புகள்

தலைப்பிலேயே இராமாயணத்தை நினைவூட்டும் அக்கினிப் பிரவேசம், சீதையின் தீக்குளிப்புக்கு மாற்றாகத் தாய் ஊற்றும் நீரை வைக்கின்றது. சீதையின் தீக்குளிப்பைக் கேட்டு அகலிகை மனமுடைவதாகப் புதுமைப்பித்தன் எழுதிய சாபவிமோசனம் இவ்வகையில் இதற்கு முன்னோடியாகும்.

அம்பையின் அம்மா ஒரு கொலை செய்தாள் (1971) என்னும் சிறுகதையும் ஒப்பிட்டு வாசிக்கத் தக்கது. பூப்பெய்திய சிறுமி, வெளியூர் சென்றுள்ள தாய் வந்து அன்பாக ஏதேனும் சொல்வாள் என்று காத்திருக்கிறாள். திரும்பி வரும் தாயோ சலிப்புடன் ஒரு சொல் கூறுகிறாள். மகளின் உள்ளத்தில் ஏதோ ஒன்று இறந்துவிடுகின்றது. இரு படைப்புகளிலும் தாய் ஒரு கணத்தில் சொன்ன சொல்லே பிளவுக்குக் காரணமாகின்றது.

சமூகப் பின்னணி

இப்புதினத்தின் களம் நகர்ப்புறப் பிராமண நடுத்தரக் குடும்பம். அச்சமூகத்தின் பேச்சு வழக்கும் ஆங்கிலச் சொற்களும் கலந்த நடையில் கங்கா பேசுகிறாள். அவளைச் சிறைப்படுத்தும் கற்புக் கோட்பாடு தமிழ்ச் சமூகம் முழுவதற்கும் ஒரே அளவில் பொருந்துவது அன்று. அருப்புக்கோட்டை, திருச்சுழி போன்ற தென்மாவட்ட மானாவாரிப் பகுதிகளில் வாழும் பல சமூகங்களில், மணவாழ்க்கை முறிந்த பெண் ஊரார் முன்னிலையில் தீர்த்துக்கொண்டு மறுமணம் செய்யும் அறுத்துக்கட்டும் வழக்கம் இருந்து வந்துள்ளது. அங்கும் பழிச்சொல்லும் தாய் மகள் பிணக்கும் இல்லாமல் இல்லை. ஆனால், கெட்டவள் இனி மணம் செய்ய முடியாது என்ற வெங்கு மாமாவின் வாதம் அங்கே அதே வலிமையுடன் எடுபட்டிருக்காது.

இன்றைய வாசிப்பு

பாதிக்கப்பட்ட பெண் குற்றம் புரிந்தவனையே நாடிச் செல்வதை இன்றைய வாசகர் பலரால் ஏற்க முடிவதில்லை. பிரபுவின் செயல் குற்றம் என்ற வகையில் புதினத்தில் அதிகம் பேசப்படுவதில்லை என்பதும் ஏற்கத்தக்க குறையே. எனினும் கங்கா அவனைத் தேடுவது காதலால் அன்று. தன் வாழ்க்கையைப் பற்றிப் பிறர் எழுதிய தீர்ப்புகளைத் தானே சோதித்துப் பார்க்கும் முயற்சி அது. பிரபுவின் மகள் மஞ்சுவிடம் அவள் காட்டும் அக்கறையும் கவனிக்கத்தக்கது. தனக்குத் தாயிடமிருந்து கிடைக்காததை வேறொருத்தியின் மகளுக்கு அவள் கொடுக்க முயல்கிறாள்.

திரைப்படமும் தொடர்ச்சியும்

ஏ. பீம்சிங் இயக்கத்தில் இப்புதினம் அதே பெயரில் திரைப்படமாக்கப்பட்டு 1977 ஆம் ஆண்டில் வெளிவந்தது. திரைக்கதையை ஜெயகாந்தனே எழுதினார். கங்காவாக நடித்த லட்சுமிக்குச் சிறந்த நடிகைக்கான தேசிய விருது வழங்கப்பட்டது. பிரபுவாக ஸ்ரீகாந்தும் எழுத்தாளராக நாகேசும் நடித்தனர். இசையமைத்தவர் எம். எஸ். விசுவநாதன்.

கங்காவின் பிற்கால வாழ்க்கையைக் கூறும் கங்கை எங்கே போகிறாள் என்னும் புதினத்தையும் ஜெயகாந்தன் பின்னர் எழுதினார்.